பொய் அளவுகோல்

"உங்க வீட்டுக்காரர் பொய் சொல்றார்னு நான் சொல்லலைம்மா. அளவுகோல் சொல்லுது."

உளவியலாளர் இதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சின்ன வயதுப் பெண். இந்தப் பேச்சை விரும்பிப் பேசவில்லை என்பது கண்ணைக் கசக்கிய விதத்திலேயே தெரிந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் ரயில் ஓட்டுநர், மடியில் தொப்பியோடு. பக்கத்தில் அவர் மனைவி, மடியில் கைப்பையோடு. பிள்ளை செய்த தப்புக்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டனுப்பிய தாய் தகப்பன் மாதிரி இரண்டு பேரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் என்ன பொய் சொன்னேனாம்?" என்றார் ஓட்டுநர்.

"பொய்யே சொன்னதில்லைன்னு போட்டிருக்கீங்க சார்."

"சொன்னதில்லையே."

"அதுதான் சார் பொய்."

மனைவிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரிக்கிற இடமா இது என்று கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த மனுஷர் சிரிக்கவில்லை. அவர் உண்மையிலேயே யோசித்துக்கொண்டிருந்தார்.

ரயில் டிப்போவில் அவருக்குத் தராசு என்று பெயர். யாரோ கேலிக்கு வைத்தது, போகப் போக மரியாதையாக ஒட்டிக்கொண்டது. மனைவி வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு, ரெடிமேட் துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பவள். தெருவுக்கே அவள் தையலக்கா. பெற்ற மகள்கூடக் கோபம் வந்தால் "என்ன தையலக்கா" என்றுதான் ஆரம்பிப்பாள்.

தராசு வேலையிலிருந்து நிறுத்தப்பட்டதற்குக் காரணம் தராசேதான். ஒரு மத்தியானம், இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில், ஒரு மூச்சு நேரம் அவருக்குக் கண் சொருகியது. வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. பச்சை சிக்னல், நேர்ப்பாதை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. வண்டியை டிப்போவில் விட்டதும் நேரே கட்டுப்பாட்டு அறைக்குப் போய், "கண் அசந்துட்டேன், எழுதிக்கோ" என்றார். அங்கே உட்கார்ந்திருந்தது யார்? தையலக்காவின் சொந்தத் தம்பி.

"அத்தான், காதுல விழலை. வீட்டுக்குப் போங்க," என்றான் அவன்.

"இன்னும் சத்தமாச் சொல்லட்டுமா?"

எழுதத்தான் வேண்டியிருந்தது. கண்ணைப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், தலையில் கம்பி ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். ஜலதோஷத்துக்குக் குடித்த மருந்துதான் காரணம் என்று முடிவானது. மிச்சம் இருந்தது குணப் பரிசோதனை. அது வெறும் சம்பிரதாயம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

"சரி, எனக்கு ஒண்ணு புரியலை டாக்டரம்மா," என்றாள் தையலக்கா.

"நான் டாக்டர் இல்லைம்மா."

"இருக்கட்டும். இடுப்பை அளக்க என்கிட்ட நாடா இருக்கு. குணத்தை எதை வச்சு அளக்கறீங்க?"

அந்தப் பெண்ணின் முகம் கொஞ்சம் தெளிந்தது. இதைக் கேட்பவர்கள் குறைவு போலிருக்கிறது.

"வார்த்தையை வச்சுதாம்மா ஆரம்பிச்சாங்க. முன்கோபி, கஞ்சன், வாயாடி, சிடுமூஞ்சி, பயந்தாங்கொள்ளின்னு ஆளைப் பத்திச் சொல்ல எத்தனை வார்த்தை இருக்கு. அகராதியில இருக்கிறதையெல்லாம் பொறுக்கி, ஏகப்பட்ட பேர்கிட்ட கேட்டு, எது எதோட சேர்ந்து வருதுன்னு பார்த்தாங்க. கடைசியில அஞ்சு மூட்டையா வந்து நின்னுச்சு. கலகலப்பு, பொறுப்பு, அனுசரணை, மனசு கலங்குற தன்மை, புதுசை ஏத்துக்கிற தன்மை. எல்லாருக்கும் எல்லாமே இருக்கும். இருக்கா இல்லையான்னு கேக்கிறதில்லை, எவ்வளவு இருக்குன்னுதான் கேக்கிறது. முக்கால்வாசிப் பேர் நடுவுல நிப்பாங்க."

"இவர் எங்க நிக்கறார்?"

"பொறுப்புல உச்சி. கலங்குறதுல அடி. வண்டி ஓட்ட இதைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டாங்க."

"அப்புறம் என்ன குறை?"

"இதை நம்ப முடியலையே. வேலை வேணுங்கிறவங்க எல்லாரும் தன்னை நல்லவனாத்தான் காட்டிக்குவாங்க. அதனால நடுநடுவுல சில கேள்விகளைத் தூவி வச்சிருப்போம். நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. கொடுத்த வாக்கை ஒருபோதும் மீறினதில்லை. யாரைப் பத்தியும் முதுகுக்குப் பின்னால பேசினதில்லை. அடுத்தவங்க பொருளை, ஒரு குண்டூசியைக்கூட எடுத்ததில்லை. இப்படி. மனுஷனாப் பிறந்தவங்க இதுக்கெல்லாம் 'ஆமாம்'னு போட முடியாது. யாராவது ஒண்ணு ரெண்டுக்குப் போடலாம். சார் ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் போட்டிருக்கார். அப்படி வந்தா மத்த பதிலையும் சேர்த்துத் தள்ளிடணும்."

"என்கிட்டயும் அவரைப் பத்தி ஒரு தாள் கொடுத்து எழுதச் சொன்னீங்களே."

"அதைத்தான் நானும் ஆசையா எடுத்துப் பார்த்தேன்." அவர் சங்கடமாகச் சிரித்தார். "நீங்களும் அப்படியே போட்டிருக்கீங்க. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு எழுதின மாதிரி."

"பிடிவாதக்காரர்னு போட்டேனே. ஊரோட ஒத்துப்போகாதவர்னு போட்டேனே. பேசி வச்சிருந்தா அதைப் போடுவேனா?"

"உங்களை நான் நம்பறேன்மா. சாரையும் நம்பறேன். ஆனா நான் நம்பறேங்கிறதுக்காக ஒருத்தரை வண்டியில ஏத்தக்கூடாதுன்னுதானே அளவுகோலே வச்சிருக்காங்க."

நியாயமாகத்தான் இருந்தது. அநியாயமாகப் பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

மழைக்காலம் முடிவதற்குள் இன்னொரு முறை எழுதலாம், அதுதான் கடைசி. அதிலும் இப்படியே வந்தால் இனி ஓட்டுகிற வேலை இல்லை. பணிமனைக் கிடங்கில் போல்ட்டு நட்டு எண்ணுகிற இடத்தில் போடுவார்கள். சம்பளம் அதேதான் என்றும் சொன்னார். தராசு அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய இடது உள்ளங்கை இருக்கையின் விளிம்பை அழுத்திக்கொண்டிருந்ததைத் தையலக்கா பார்த்தாள். ஓட்டுநர் அறையில் ஒரு கைப்பிடி உண்டு. ஓட்டுகிற நேரமெல்லாம் அதை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஓட்டுகிறவனுக்கு ஏதாவது ஆகிக் கை நழுவினால் வண்டி தானாக நின்றுவிடும். நிறுத்தப்பட்ட நாளிலிருந்து அந்தக் கை சாப்பாட்டு மேஜையை, நாற்காலியை, தலையணையை என்று எதையாவது அழுத்திக்கொண்டேதான் இருந்தது. கிடங்கில் அந்தக் கைக்கு என்ன வேலை இருக்கிறது?

"நானே ஓட்டுற மாதிரி இருக்கு, இறங்க மனசில்லை," என்றார், அவர்கள் ஸ்டேஷன் வந்தபோது.

அவர் இப்படித்தான். ஒளிக்கத் தெரியாது.

இதனால் அவள் பட்ட பாடு கொஞ்சமா? துணி இறுக்கமாகிவிட்டது என்று வருகிறவர்களிடம் அவள் பேச்சே வேறு. "நீங்க பெருக்கலை, துவைச்சதுல துணி சுருங்கிடுச்சு" என்பாள். வந்தவர்கள் குளிர்ந்துபோய் இன்னொரு துணியும் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் உள்ளறையிலிருந்து இவர் குரல் கொடுத்தார்: "அந்தத் துணி சுருங்காது. நீங்கதான் பெருத்திருக்கீங்க." அந்த அம்மாள் அப்புறம் அந்தத் தெருவழியாகவே வருவதில்லை. மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தபோது, "பொண்ணுக்குச் சமையல் வராது. காலையில எழுப்பறவங்களுக்குக் கையில பலம் வேணும்" என்றார். சம்பந்தி நல்ல மனுஷர், வயிறு குலுங்கச் சிரித்தார். மகள் மட்டும் ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை.

ஆனால் வேறொன்றும் இருந்தது. அதே மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் "ஒண்ணும் இல்லம்மா, சரியாயிடும்" என்றார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல இவளுக்குச் சந்தேகம்தான் கூடியது. தராசு மருத்துவரிடம் பேசிவிட்டு வெளியே வந்தார். "டாக்டருக்கே பயமா இருக்கு. எனக்கும் பயமா இருக்கு," என்றார். இரண்டு பேரும் அந்தப் பயத்தோடு பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் அவரே வந்து, "இனிமே பயமில்லை" என்றார். அவள் அந்த பெஞ்சியிலேயே சரிந்து தூங்கிவிட்டாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் அந்தத் தூக்கம் வந்திருக்காது. அவரிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் அதற்குப் பிறகு அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் அதில்தான் சாய்ந்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் தம்பி வந்தான்.

"என்னக்கா, அத்தான் நல்லவர்னு நிரூபணமாயிடுச்சாமே. அதனால வேலைக்கு லாயக்கில்லையாம்."

"நீ வேற வெந்த புண்ணைக் கிண்டாதே. உள்ள வந்து சொல்லு, நீயெல்லாம் எப்படித் தேறின?"

"நான் எல்லாத்துக்கும் நடுவுல டிக் போட்டேன். பொய் சொல்லியிருக்கியான்னு கேட்டிருந்தாங்க. 'சில சமயம்'னு போட்டேன். அதுவே பொய்தான், தினம் சொல்றேன். அத்தான், இதுல என்ன கஷ்டம்? 'எப்போதாவது பொய் சொன்னதுண்டு'ன்னு போடுங்க, முடிஞ்சது."

"சொல்லாததைச் சொன்னதா எப்படிப் போடறது?" என்றார் தராசு.

"சொல்லாததைச் சொன்னதாப் போட்டா அது ஒரு பொய் ஆச்சுல்ல? அப்ப சொன்னது உண்மையாயிடுதே."

"போட்டதுக்கு அப்புறம்தானே உண்மையாகுது. போடும்போது பொய்தானே."

தம்பி அக்காவைப் பார்த்தான். "இவரோட எப்படிக்கா குடும்பம் நடத்துற?"

"நான் எங்க நடத்துறேன். சிக்னல் விழுந்தா நகருது."

சின்ன வயதில் ஒன்றாவது சொல்லியிருப்பார், மறந்திருப்பார் என்றான் தம்பி. அது நல்ல யோசனையாகப் பட்டது. வீடே சேர்ந்து ஒரு பொய்யைத் தேட ஆரம்பித்தது. தராசும் மனப்பூர்வமாகத் தேடினார். ஒன்று அகப்படவும் செய்தது. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் முடித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். தம்பி கைதட்டினான்.

"ஆனா மணி அடிக்கிறதுக்குள்ள போய் முடிக்கலைன்னு சொல்லிட்டேன்," என்றார் தராசு. "அது செல்லாதுன்னு நினைக்கிறேன்."

தையலக்கா தன் நாத்தனாருக்குப் போன் போட்டாள். "உங்க அண்ணன் எப்பவாவது பொய் சொல்லியிருக்காரா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அவன் சொல்லியிருந்தா எனக்கு எவ்வளவு அடி மிச்சமாகியிருக்கும். யார் உடைச்சதுன்னு அப்பா கேட்டா, 'நானும் தங்கச்சியும்'பான். நான் கதவுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கிறதையும் சேர்த்துக் காட்டுவான். ஏன் கேக்கறீங்க அண்ணி, இப்ப ஏதாவது சொல்லிட்டானா?"

"இல்லை. அதான் பிரச்சினை."

கிடைக்கவில்லை. நாள் போய்க்கொண்டிருந்தது. தராசு கண்ணாடி முன் நின்று சவரம் செய்யும்போதுகூட இடது கை சுவரை அழுத்திக்கொண்டிருந்தது. முகத்தில் பாதி சோப்பு அப்படியே காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்த காலையில்தான் தையலக்காவுக்கு அந்த யோசனை வந்தது. அவளுக்குத்தான் வந்தது, வேறு யாருக்கும் இல்லை.

"என்னங்க, தாள்ல பொய் எழுத மாட்டீங்க. சரி. அதுக்கு முன்னாடி நிஜமாவே ஒரு பொய் சொல்லிட்டீங்கன்னா? அப்புறம் 'சொன்னதுண்டு'ன்னு எழுதறது உண்மைதானே?"

தராசு சவரக் கத்தியைக் கீழே வைத்தார். நெடுநேரம் யோசித்தார். அவள் சொன்னதில் அவருக்கு ஓட்டை எதுவும் தென்படவில்லை.

"அப்ப உண்மைதான்," என்றார். "ஆனா கேக்கிறவங்க நம்பணும். தெரிஞ்சே கேட்டா அது பொய் இல்லை, விளையாட்டு."

"ஆமா."

"ஒண்ணு போதாது. அந்தம்மா சொன்னது நாலஞ்சு இருந்துச்சு. வாக்கு, திருட்டு, புறணி..."

ஐயோ என்றிருந்தது அவளுக்கு. பொறுப்பில் உச்சியில் நிற்கிற மனுஷர் ஒரு வேலையை எடுத்தால் எப்படிச் செய்வார்? கெட்டுப்போவதையும் ஒழுங்காகத்தான் செய்வார்.

முதல் பொய்க்குப் பள்ளிக்கூட டீச்சர் வந்தார். நீலக் கோட்டு ஒன்று பொத்தான் போட முடியாமல் இறுகியிருந்தது. தையலக்கா வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. உள்ளறையிலிருந்து தராசு வந்து நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

"துணி," என்றார்.

"என்ன சார்?"

"துணி சுருங்கிடுச்சு. நீங்க... நீங்க அப்படியேதான் இருக்கீங்க."

டீச்சரின் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டுமே. "சார் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். உங்க வாயில வேற பேச்சு வராதுன்னு தெருவே சொல்லும்," என்று கோட்டைத் தடவிக்கொண்டே போனார்.

கதவைச் சாத்திவிட்டுத் தையலக்கா சிரித்தாள். தராசு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"அவங்களுக்குச் சந்தோஷமா இருந்துச்சு," என்றார். சற்றுப் பொறுத்து, "அவ்வளவு சுலபமா?" என்றார்.

அப்புறம் டிப்போவுக்குக் கையெழுத்துப் போடப் போன நாளில் அங்கிருந்து ஒரு பென்சிலை எடுத்து வந்தார். மேஜைமேல் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். புறணிக்குத் தம்பியே கிடைத்தான்.

"உன் தம்பி கட்டுப்பாட்டு அறையில தூங்கறான்," என்றார் மனைவியிடம்.

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"அவன் இல்லாத நேரத்துல சொல்றேன்ல?"

"சரி, புறணிதான். ஒத்துக்கறேன்."

இதுவரைக்கும் அவளுக்கு எல்லாம் சிரிப்பாகவே இருந்தது. மகளுக்குப் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் நூலும் பொத்தானும் வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். மழை வரும்போல இருந்தது. "திரும்பும்போது பஸ் ஸ்டாப்புக்குக் குடை எடுத்துட்டு வரேன்," என்றார் தராசு. குடை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று அவர் சொன்னால் குடையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. அவள் குடையை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

திரும்பி இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டாப்பில் அவர் இல்லை. வழியில் வருவார் என்று நின்றாள். கூரை ஓட்டையிலிருந்து ஒழுகும் தண்ணீரிலிருந்து நூல் பொட்டலத்தைக் காப்பாற்றி இந்தப் பக்கம் நகர்ந்தாள், அந்தப் பக்கம் நகர்ந்தாள். அடுத்த பஸ் வந்து போனது. அதற்கடுத்ததும் வந்து போனது. முதலில் எரிச்சல் வந்தது. பிறகு எரிச்சல் போய்ப் பயம் வந்தது. அவருக்கு ஏதோ ஆகிவிட்டது. வழுக்கி விழுந்துவிட்டாரோ, நெஞ்சு வலியோ. அவர் வருகிறேன் என்று சொல்லி வராமல் இருக்க வேறு காரணம் இருக்க முடியாது. பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

முன்னறையில் தராசு உட்கார்ந்திருந்தார். குடை ஆணியில் தொங்கியது. அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணும் ஆகலை."

"ஏன் வரலை?"

"வாக்குத் தவறணும்னு இருந்துச்சே." தலையைக் குனிந்துகொண்டார். "வேற யாருக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன்? உனக்குத்தான் கொடுத்திருக்கேன்."

அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திட்ட வாயெடுத்தாள். எதைச் சொல்லித் திட்டுவது? யோசனை அவளுடையது. துண்டை எடுத்துக்கொடுத்தார். வாங்கித் துடைத்துக்கொண்டாள். "சரி, அதுவும் முடிஞ்சுது," என்றாள். மகளிடம் இதை மட்டும் சொல்லவில்லை.

பரிசோதனைக்கு இரண்டு பேரும்தான் போனார்கள். அவர் ஓர் அறையில் எழுதினார், அவள் இன்னோர் அறையில் எழுதினாள். ஒருபோதும் பொய் சொன்னதில்லை என்ற கேள்வி வந்ததும் அவள் பேனா நின்றது. பிறகு 'தவறு' என்ற கட்டத்தில் குறி போட்டாள். அது உண்மை. கொடுத்த வாக்கை ஒருபோதும் மீறியதில்லை என்பதற்கும் தவறு. அதுவும் உண்மை. ஒவ்வொரு குறியாகப் போடப் போட, தைத்து முடித்த நல்ல சட்டையைத் தானே உட்கார்ந்து பிரிப்பதுபோல இருந்தது.

கணினியில் வந்த வரைகோட்டைப் பார்த்துவிட்டு உளவியலாளர் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"பிரமாதம் சார். பொறுப்பு அதே உச்சியில. கலக்கம் அதே அடியில. பொய் அளவுகோல் மட்டும் எல்லாரையும் மாதிரி வந்திருக்கு. இப்பத்தான் உங்க மத்த பதில்களை நம்ப முடியுது. ஓட்டலாம்னு எழுதிடறேன்."

தராசு "நன்றிம்மா" என்றார். வெளியே தொப்பியைச் சரிசெய்துகொண்டே போனார். தையலக்கா மட்டும் கதவருகில் தயங்கி நின்றாள்.

"டாக்டரம்மா. ஒரு மனுஷனோட குணம் இவ்வளவு சீக்கிரம் மாறுமா?"

"மாறாதும்மா. லேசில மாறாததைத்தான் குணம்னே சொல்றோம். இன்னைக்கு அளந்தாலும் கொஞ்ச நாள் கழிச்சு அளந்தாலும் கிட்டத்தட்ட அதேதான் வரணும். இப்ப சார்கிட்ட மாறினது பதில் சொல்ற விதம்தான். குணம் இல்லை."

"நிச்சயமா?"

"நிச்சயமா ஒண்ணும் சொல்ல மாட்டோம். பெரும்பாலும்."

அந்தப் பெண் ஆறுதலாகத்தான் சொன்னார். தையலக்காவும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் அவரைப் பழைய பாதையிலேயே போட்டார்கள். விடியற்காலை சீருடையைத் தேய்த்துக் கொடுத்தாள். தொப்பியை வாங்கிக்கொண்டு போனவரின் நடையில் பழைய மிடுக்கு இருந்தது. தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கக் கை ஓடவில்லை. ஊசியை உடைத்தாள், ஒரு பேண்ட்டின் காலைக் குட்டையாக வெட்டிவிட்டு மறுபடி ஒட்டுப் போட்டாள். தம்பிக்குப் போன் போட்டாள்.

"வண்டி எல்லாம் நேரத்துக்கு ஓடுதாடா?"

"அத்தான் வண்டிதானே? நூல் பிடிச்ச மாதிரி ஓடுது. இங்க எல்லாரும் சந்தோஷமா இருக்காங்கக்கா. தராசு திருந்திட்டார், இனிமே நம்ம ஆளுன்னு சொல்றாங்க."

"என்னடா திருந்திட்டார்?"

"சும்மா சொல்றாங்க, விடு."

சாயங்காலம் தராசு வந்தார். கை கால் கழுவிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தார். அவள் பரிமாறினாள். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு எதிரே நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் வாய்க்கு அவரிடமிருந்து ஒரு அறிக்கை வரும். காரம் கூட, பருப்பு வேகலை, இன்னைக்குச் சரியா இருக்கு. இன்று ஒன்றும் வரவில்லை.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு."

அவர் முகத்தில் வியர்வை இல்லை. டீச்சருக்குச் சொன்னபோது திக்கினாரே, அப்படித் திக்கவும் இல்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டே சொன்னார். அவளுக்கும் மனம் நிறைந்துதான் போனது. தனக்கும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள்.

உப்பே இல்லை. காலையிலிருந்து இருந்த படபடப்பில் உப்புப் போடவே மறந்திருக்கிறாள்.

வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவரைப் பார்த்தாள். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உப்பே இல்லையேங்க."

"அப்படியா? பரவாயில்லை, சாப்பிடலாம்."

"தெரியலையா உங்களுக்கு?"

"நீயும் பாவம், காலையிலிருந்து கவலைப்பட்டிருப்பே. அதுக்கு என்ன இப்ப."

எத்தனை பெண்கள் இந்த ஒரு பேச்சுக்காகக் காலமெல்லாம் காத்திருக்கிறார்கள். இவளுமே காத்திருந்தவள்தான். உப்புக் கிண்ணத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். அப்போதுதான் அவருடைய இடது கை மேஜைமேல் சும்மா கிடப்பதைப் பார்த்தாள். எதையும் அழுத்தவில்லை. இனி அழுத்த வேண்டியதில்லை, அதற்குத்தான் வண்டி கிடைத்துவிட்டதே. அப்படித்தான் இருக்க வேண்டும்.

"என்னங்க."

"ம்."

"வண்டியில... இன்னைக்குக் கண்ணு கிண்ணு அசரலையே?"

தராசு தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். அவளுடைய நனைந்த கண்களைப் பார்த்தார். அவர் முகத்தில் பரிவு தெரிந்தது, நிஜமான பரிவு.

"இல்லையே," என்றார்.

அவள் அந்த முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் இதற்கு முன்பு அவள் எதையும் தேடியதில்லை. தேட வேண்டிய அவசியம் வந்ததில்லை. எங்கே பார்ப்பது, கண்ணிலா, வாயோரத்திலா, எதை வைத்து அளப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாளைக்கும் அவர் விடியற்காலையில் போவார். பெட்டி பெட்டியாக ஜனங்கள் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் வந்ததும் இவள் கேட்பாள். அவர் சொல்வார்.

"நிஜமாத்தானே?" என்றாள்.

"நிஜமாத்தான். நீ சாப்பிடு," என்றார், உப்பில்லாத சோற்றைப் பிசைந்துகொண்டே.